பழைய கணினிக்குத் தக்க உலாவியும் காவலும்

எமது இல்லங்கள் பலவற்றில் ஒரே கணினி மூவர் கைமாறுகின்றது. மூத்த பிள்ளையின் படிப்பிற்கென வாங்கியது, அப்பிள்ளை பல்கலைக்கழகம் சென்றதும் இளையவருக்கு வருகின்றது. ஈற்றில் ஊர்ச் செய்தி படிக்கவும் பேரப்பிள்ளைகளின் முகம் காணவும் அம்மம்மாவின் அறைக்குப் போய்ச் சேருகின்றது. அதே கணினியிலேதான் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகின்றது. வதிவிட அனுமதிக் கடிதங்களின் பிரதிகளும், ஊரை விட்டு வரும்போது கொண்டுவர முடிந்த ஒருசில நிழற்படங்களின் பிரதிகளும் அதிலேயே கிடக்கின்றன. இத்தகைய கணினிக்கு எந்த உலாவி சிறந்தது, எந்த வைரஸ் காப்பு மென்பொருள் சிறந்தது எனப் பெற்றோர் எம்மிடம் அடிக்கடி வினவுவர். ஒரு பெயரைச் சொல்லிவிடுதல் எளிது. ஆயினும் மாணவர் தாமே அளந்தறியத்தக்க ஒன்றை ஆசிரியர் வாய்ச்சொல்லால் முடித்துவைத்தல் முறையன்று. அளக்கும் வழியையே இங்கு கூற விழைகின்றோம்.

முதலில் நோக்க வேண்டியது உலாவியை அன்று; அது நிற்கும் தளத்தை. விண்டோஸ் 7 இற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14 உடன் நின்றன. 2023 சனவரியில் வந்த குறோம் 109 ஆம் பதிப்பே அத்தளத்திற்கான கடைசிக் குறோம். விண்டோஸ் 10 இற்கான பொதுத் திருத்தங்களும் 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தன. நாம் வாழும் ஜேர்மனி உள்ளிட்ட ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில், பதிவுசெய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு மட்டும் 2026 ஒக்ரோபர் நடுப்பகுதி வரை கட்டணமற்ற நீடிப்பு அறிவிக்கப்பட்டது. 2017 இற்கு முன் வாங்கிய கணினிகளிற் பெரும்பாலானவை விண்டோஸ் 11 கேட்கும் நிபந்தனைகளுக்கு அமைவதில்லை. திருத்தம் நின்ற தளத்தில் எவ்வளவு நல்ல உலாவியை இட்டாலும், கூரை பிரிந்த வீட்டின் வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கிய கதையாகவே முடியும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2017 மே 12 ஆம் நாள் 'வன்னாகிறை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, ஜேர்மன் தொடருந்து நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளும் முடங்கின. அந்நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ற் அதே ஆண்டு மார்ச் 14 ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இடையில் இரண்டு மாதங்கள் இருந்தன. திருத்தத்தை ஏற்ற கணினிகளுக்கு அவ்வோட்டை வழியே தீங்கு நேரவில்லை.

இனி உலாவிக்கு வருவோம். குறோம், எட்ஜ், ஒபெரா, பிரேவ் ஆகியவை யாவும் குறோமியம் என்னும் ஒரே அடித்தளத்தில் எழுந்தவை. ஒரே ஆலையின் அரிசியை நான்கு பைகளில் இட்டு எது சுவையானது எனக் கேட்பது போன்றதே இவற்றிடையே வேகம் தேடுவது. பயர்பொக்ஸ் மட்டும் வேறு வயலில் விளைந்தது. ஆகவே குறோமியம் குடும்பத்தில் ஒன்றையும் பயர்பொக்ஸையும் ஒப்பிட்டாற் போதுமானது.

உலாவிகள் நினைவகத்தை விழுங்குகின்றன எனக் குறைகூறுவோர் அதன் காரணத்தையும் அறிதல் வேண்டும். 2018 சனவரியில் 'ஸ்பெக்ரர்' எனும் குறைபாடு வெளியாயிற்று. ஒரு வலைப்பக்கம் மற்றொரு பக்கத்தின் இரகசியத்தை நினைவகத்திலிருந்து களவாடக்கூடும் என அது காட்டியது. அதன்பின் கணினிக் குறோமில் ஒவ்வொரு தளமும் தனித்தனி அறையில் அடைக்கப்பட்டது. இதனால் நினைவகத் தேவை 10 முதல் 13 விழுக்காடு வரை கூடியதென கூகிள் நிறுவனமே கூறியது. பயர்பொக்ஸும் 2021 இல் அவ்வழி சென்றது. எனவே நினைவகம் குறைவாகக் கொள்ளும் அறியாத உலாவியொன்றைக் கண்டால் மகிழ்ந்துவிடாது, சுவர்களை இடித்துத்தான் இடம் மிச்சம் பிடித்ததோ என ஐயுறுக.

நினைவகம் என்பது நாம் எழுதும் மேசை. வன்தட்டு என்பது அலுமாரி. மேசை நிரம்பினால் கணினி ஒவ்வொரு தாளையும் அலுமாரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும். 4 கிகாபைற் நினைவகமும் சுழலும் வன்தட்டும் உடைய கணினி முனகுவது இதனாலேயே.

சோதனை செய்யும் முறை இது. கணினியை மீளத் தொடக்கிப் பத்து நிமிடம் ஆறவிடுக. பின்னர் ஓர் உலாவியில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஐந்து பக்கங்களைத் திறக்க: மின்னஞ்சல், வங்கியின் முகப்பு, ஒரு தமிழ்ச் செய்தித் தளம், ஒரு காணொளி, பாடசாலைப் பக்கம். கொன்ட்ரோல், ஷிப்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் பணி மேலாளர் தோன்றும். அங்கே உலாவியின் மொத்த நினைவக அளவைக் குறித்துக்கொள்க. இவ்வாறு மும்முறை செய்து நடு எண்ணை எடுக்க. பின்னர் மற்ற உலாவியில் அதே ஐந்து பக்கங்களையும் அவ்வாறே செய்க. ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றுதல் விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்ற விதியே.

இச்சோதனையைச் செய்வோர் இன்னுமொன்றையும் சேர்த்துச் செய்க. விளம்பரத் தடுப்பி இன்றியும் அதனுடனும் அளந்து பாருங்கள். பழைய கணினியில் இரு உலாவிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டிலும் இவ்வேறுபாடே பெரிதென்பது எமது கணிப்பு. செய்தித் தளங்களில் செய்தியைவிட விளம்பரத்தின் பாரமே அதிகம். யூபிளொக் ஒறிஜின் எனும் தடுப்பியின் முழுப் பதிப்பை 2025 இல் குறோம் கைவிட்டது, பயர்பொக்ஸ் கைவிடவில்லை. பழைய கணினிக்கு நாம் பயர்பொக்ஸின் பக்கம் சாய்வதற்கு இதுவே முதற்காரணம்.

காவல் மென்பொருளைப் பொறுத்தவரை, பலரும் அறியாதது யாதெனில், 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு டிஃபென்டர் என்னும் காவலன் தளத்தோடு சேர்ந்தே வருகின்றான். வேறொரு காவலனை நிறுவினால் இவன் ஒதுங்கிக்கொள்வான். கணினியோடு இலவசமாக வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகி, நாள்தோறும் காசு கேட்டுக்கொண்டிருப்பின், அதனை முற்றாக நீக்குக. டிஃபென்டர் தானே கடமைக்குத் திரும்புவான். இரண்டு காவலர்களை ஒருங்கே நிறுத்துவோருமுளர். அவர்கள் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருக்கக் கணினி நின்றுவிடும்.

மக்டெபேர்க் நகரின் ஏவி-ரெஸ்ற் நிறுவனம் இம்மென்பொருள்களுக்குப் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றிற்கும் ஆறு ஆறாகப் புள்ளியிடுகின்றது. அதில் வேகப் புள்ளியைப் பழைய கணினி வைத்திருப்போர் தவறாது நோக்குக. காவலன் விழித்திருக்கின்றானா என அறிய 'ஐகார்' எனும் 68 எழுத்துச் சோதனைக் கோப்பும் உண்டு. அது தீங்கற்றது, எனினும் காவல் மென்பொருள்கள் அதைக் கண்டவுடன் கூவவேண்டும் என்பது உடன்பாடு. பிள்ளைகள் இதனைப் பெற்றோர் அருகிருக்கச் செய்க. பாடசாலைக் கணினியில் செய்து எமக்கு வசை தேடித்தர வேண்டாம்.

காவலனிடம் வீட்டின் எல்லாத் திறப்புகளும் உள்ளன. ஆதலால் அவன் யாரென்பதும் கேட்கத்தக்கதே. 2022 மார்ச்சில் ஜேர்மனியின் தகவல் பாதுகாப்புத் திணைக்களம் கஸ்பெர்ஸ்கி மென்பொருளைத் தவிர்க்குமாறு எச்சரித்தது. 2024 இல், பாவனையாளரின் உலாவல் விபரங்களை விற்றதாகக் குற்றஞ்சாட்டி, அவாஸ்ற் நிறுவனம் 1 கோடியே 65 இலட்சம் டொலர் செலுத்துமாறு அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் செய்தது. இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் எதனால் இலவசம் எனக் கேட்கும் பழக்கம் வேண்டும்.

எந்த மென்பொருளும் தடுக்கவியலாத களவும் உண்டு. எமது பெற்றோர் ஒருவரின் திரையில் ஒருநாள் சிவப்பு அறிவிப்பொன்று சங்கொலியுடன் தோன்றி, கணினியில் வைரஸ், உடனே இவ்விலக்கத்தை அழையுங்கள் என்றது. அவர் அழைத்தார். மறுமுனையில் பேசியவர் மரியாதையாகப் பேசிக் கணினியைத் தம் வசமாக்கிச் சில நூறு யூரோக்களைக் கறந்துவிட்டார். காவல் மென்பொருள் வாளாவிருந்தது; கதவைத் திறந்தவர் வீட்டுக்காரரே அல்லவா. மைக்ரோசொப்ற்றின் மெய்யான பிழைச் செய்தியில் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இராது. அத்திரை தோன்றினால் மின்விசையை அழுத்திக் கணினியை அணைத்துவிடுக. இதனை அம்மம்மாவிற்கும் அப்பப்பாவிற்கும் எடுத்துச் சொல்லும் பொறுப்பு மாணவர்களுடையது. மொழி தெரியாத இடத்தில் அதிகாரக் குரலுக்கு அஞ்சுதல் எம்மவர்க்குப் பழகிப்போன ஒன்று.

சோதனையில் தேறாத கணினியைக் குப்பைக்கு அனுப்புமுன் இரண்டு வழிகளை எண்ணிப் பார்க்கலாம். சுழலும் வன்தட்டை அகற்றித் திண்மநிலைத் தட்டு இடுவது ஒன்று. லினக்ஸ் மின்ற் என்னும் கட்டணமற்ற தளத்திற்கு மாறுவது மற்றையது. பயர்பொக்ஸ் அதனோடு சேர்ந்தே வரும், தமிழ்த் தட்டச்சும் செய்யலாம். எதைச் செய்வதாயினும் கடிதங்களையும் நிழற்படங்களையும் முதலில் வெளித்தட்டொன்றில் படியெடுத்து வைக்குக. படியெடுக்கத் தெரியாதோர் சனிக்கிழமை வகுப்பு முடிந்தபின் கணினியை எம்மிடம் கொண்டுவரலாம். மின்னேற்றியையும் மறவாது கொண்டுவருக.