தெளிந்த சீரத்தை நம்பாதீர்கள்

வளவனூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்துப் பதினெட்டு வருஷமாகிறது. காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எடுத்த ரத்தம் உறைந்ததும் மெஷினில் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே சீரம் தெளியும். வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது சிலருக்குக் கழுநீராகக் கலங்கி நிற்கும். அது டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு. சாப்பிட்டு வந்தாலும் கலங்கும். வெறும் வயிறு கேட்பது அதற்காகத்தான். ஆனால் இதயக் குழாயை அடைக்கிற எல்.டி.எல். 190 இருந்தாலும் சீரம் கண்ணாடி மாதிரியே இருக்கும். உடம்பும் ஒன்றும் காட்டாது.

போன மாசம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி ஒருவர் வந்தார். பத்து வருஷமாகச் சர்க்கரை.

"டோட்டல் கொலஸ்ட்ரால் 198 தானேம்மா, 200-க்குள்ளதானே இருக்கு?"

நல்ல கொழுப்பான எச்.டி.எல். 32, ஆணுக்கு 40-க்குக் குறையக் கூடாது. டிரைகிளிசரைடு 180, 150-க்குள் இருக்க வேண்டும். எல்.டி.எல். கணக்குக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுப்போம்: 36. 198-இல் 32-ஐயும் 36-ஐயும் கழித்தால் எல்.டி.எல். 130. சர்க்கரை உள்ளவருக்கு 100-க்குள், பல டாக்டர்கள் 70-க்குள் என்பார்கள். மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் இதெல்லாம் மறைந்துவிடும்.

"மல்லாட்டை எண்ணெய நிறுத்திட்டேம்மா. ரேஷன் பாமாயில்தான்."

எனக்கு மனசு தாங்கவில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-லேயே டி.எம்.வி. 2 மல்லாட்டை ரகத்தைத் தந்த மண் இது. எந்தச் செடி எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. உடம்பில் இருப்பதில் பெரும்பங்கு நம் உடம்பே செய்வது. எல்.டி.எல்.லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் அது பாதிக்குப் பாதி. மல்லாட்டை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அளவாக ஊற்றினால் போதும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கிற அட்டர்வாஸ்டேடின் மாத்திரையையும் விட்டிருந்தார். "போன தடவ நார்மல்னு வந்துச்சேம்மா."

"மாத்திர போட்டதாலதான் ஐயா நார்மல். டாக்டரக் கேக்காம நிறுத்தாதீங்க."

என் அப்பா நெஞ்சு கரித்தபோது வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். விடியவில்லை. இன்று அப்படியொரு வலி வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தால் அங்கேயே 14 மாத்திரை கொடுத்துத்தான் முண்டியம்பாக்கம் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு. மீதி எட்டும் அந்த விவசாயி நிறுத்திய அதே அட்டர்வாஸ்டேடின்.