பானெட்டுக்குள்ளே – 17: விரல் நீளப் போல்ட்டு

போன வாரம் கனெக்டிங் ராடில் நிறுத்தியிருந்தோம். அதன் மேல்முனை பிஸ்டனில், கீழ்முனை கிராங்க்கில். கீழ்முனை கிராங்க்கின் பின்னைக் கவ்வ வேண்டும் என்பதால் அந்த வளையம் இரண்டு பாதியாக இருக்கும். கீழ்ப்பாதிக்கு கேப் என்று பெயர். அதை இறுக்கிப் பிடிப்பவை இரண்டு போல்ட்டுகள். நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம்.

இந்த விரல் நீளச் சமாச்சாரத்துக்காக 2014இல் போர்ஷே 785 இன்ஜின்களை மாற்றிக்கொடுத்தது. அப்போது புதிதாக வந்திருந்த 911 ஜிடி3 கார்களில் இரண்டு, ஐரோப்பாவில் தீப்பிடித்தன. வண்டியை எடுக்காதீர்கள் என்று வாங்கியவர்களிடம் சொல்லிவிட்டு ஆராய்ந்தார்கள். ராடின் போல்ட்டு இணைப்பு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த ராடு கிராங்க் கேஸை உடைத்திருக்கிறது. கசிந்த ஆயில் பற்றிக்கொண்டது. டைட்டானியம் ராடு போட்ட, 9,000 ஆர்பிஎம் வரை போகிற இன்ஜின் அது. இணைப்பைத் திருத்தி, அத்தனை கார்களுக்கும் புது இன்ஜினே போட்டார்கள்.

ராடு போல்ட்டு எப்போது அதிகம் கஷ்டப்படுகிறது? பெட்ரோல் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும்போது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த அடியை வாங்குவது ராடு. கேப்புக்கும் போல்ட்டுக்கும் அப்போது ஓய்வு நேரம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில்தான் அவற்றுக்குச் சோதனை. மேலே பாய்ந்துகொண்டிருக்கும் பிஸ்டனை நிறுத்தி, திரும்பக் கீழே இழுக்க வேண்டும். மேலிருந்து அழுத்திக்கொடுக்கக் காற்றும் இல்லை, வால்வு திறந்து கிடக்கிறது. கிராங்க் இழுப்பது கேப் வழியாக. கேப்பைப் பிடித்திருப்பது அந்த இரண்டு போல்ட்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 86 மி.மீ. ஸ்ட்ரோக், 7,000 ஆர்பிஎம். உச்சியில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 3,000 மடங்கு. பிஸ்டன், பிஸ்டன் பின், ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து 600 கிராம் என்று வைத்தால், இழுவை 1.8 டன். இது நொடிக்கு 58 தடவை. 8,000 ஆர்பிஎம்முக்குப் போனால் 2.4 டன், இழுவை வேகத்தின் வர்க்கக் கணக்கில் ஏறுகிறது. டர்போ போட்டுப் பவரை ஏற்றினால் முதலில் வளைவது ராடு. போல்ட்டுக்கு எமன் ஆர்பிஎம்தான்.

அதிலும் மோசம், கியர் தப்பாக விழுவது. ஐந்திலிருந்து நாலுக்கு இழுக்க நினைத்த கை இரண்டில் போட்டுவிட்டால், சக்கரங்களே இன்ஜினைச் சுற்றத் தொடங்கும். ரெவ் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தலாம், சக்கரத்தை நிறுத்த முடியாது.

அதனால் ரேஸ்காரர்கள் ராடு போல்ட்டை மாற்றுகிறார்கள். தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்டு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1,000 நியூட்டன் தாங்கும்; 12.9 என்றால் 1,200. அமெரிக்காவின் ஏஆர்பி நிறுவனம் 'ஏஆர்பி 2000' என்ற உலோகத்தில் செய்யும் போல்ட்டு 1,500ஐத் தாண்டும். எல்19 என்று அதற்கும் மேலே ஒன்று உண்டு. ஆனால் ஈரம் பட்டால் அதற்கு ஆகாது. அதைக் கட்டி மேய்க்க எனக்குப் பொறுமை கிடையாது.

கோவையில் ரேஸ் இன்ஜின் கட்டும் மெக்கானிக் ஒருவரிடம் எது நல்ல போல்ட்டு என்று கேட்டேன். "இதைப் போல்ட்டுன்னு நெனைக்காதீங்க சார், ஸ்பிரிங்குன்னு நெனைச்சுக்கோங்க" என்றார். இறுக்கும்போது போல்ட்டு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிற விசைதான் கேப்பை ராடோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடி இழுவையைவிட அதிகமாக இருக்கும்வரை இணைப்பு விலகாது, போல்ட்டுக்கும் பெரிய ஏற்ற இறக்கம் தெரியாது. பிடி குறைந்தால் ஒவ்வொரு இழுப்பும் நேரே போல்ட்டில் விழும். விலையுயர்ந்த போல்ட்டானாலும் சரியாக இறுக்காவிட்டால் சோர்ந்து அறுந்துவிடும்.

டார்க் ரெஞ்சை அவர் முழுதாக நம்புவதில்லை. கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலைக்கடியிலும் உராய்வாகவே போய்விடுகிறது. ஆயிலை மாற்றினால் கணக்கும் மாறிவிடும். அதனால் நீளத்தை அளக்கிறார். போல்ட்டின் இரு முனையிலும் சின்னக் குழி இருக்கிறது. லாடம் மாதிரி ஒரு கருவி, அதில் டயல். அதன் கூர்முனைகளைக் குழிகளில் உட்காரவைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். இறுக்கினார். பூச்சு படிந்து உராய்வு நிலைக்கு வரட்டும் என்று தளர்த்தித் தளர்த்தி இறுக்கினார். கடைசியில் முள் 0.15 மி.மீ.யில் நின்றது. ஒரு தாளில் "1-இடது" என்று எழுதி, தளர்ந்திருந்தபோது இருந்த நீளத்தையும் பக்கத்தில் குறித்தார்.

போல்ட்டு மட்டும் வாங்கிவந்து மாட்டிவிடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். புதுப் போல்ட்டு பழையதைவிட இறுக்கமாகக் கவ்வுவதால் வளையம் லேசாக நசுங்கி ஓவலாகிவிடும். பேரிங் தேயும். அதனால் கேப்பும் ராடும் சேரும் முகத்தைச் சற்றுத் தேய்த்து, புதுப் போல்ட்டை முழு இறுக்கத்தில் போட்டு, மறுபடி வட்டமாக ஹோன் செய்ய வேண்டும். இப்போதைய பல ராடுகளை ஒரே துண்டாகச் செய்து பிறகு கேப்பை உடைத்துப் பிரிக்கிறார்கள். அந்தச் சொரசொரப்பான முகத்தைத் தேய்த்தால் பொருத்தமே போய்விடும். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு ராடு செட்டையே மாற்றுவது மேல்.

ஆபீசுக்கும் வீட்டுக்கும் போய்வரும் காருக்கு இதெல்லாம் தேவையில்லை. ஆனால் இன்ஜின் வேலை செய்யும்போது கம்பெனிப் புத்தகம் முறுக்களவோடு கோணமும் குறிப்பிட்டு, ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருந்தால் புதுப் போல்ட்டே வாங்குங்கள். 'பழசே நல்லாத்தானே இருக்கு' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஒரு சீசன் கழித்து அதே இன்ஜின் திரும்பி வந்த நாளில் நானும் இருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் பார்த்து எட்டுப் போல்ட்டையும் அளந்தார். ஏழு பழைய நீளத்துக்குத் திரும்பியிருந்தன. "3-வலது" மட்டும் 0.03 மி.மீ. கூடுதல். கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அதை வைஸில் பிடித்து, மரையைக் குறுக்கே அறுத்துவிட்டுத்தான் ஸ்கிராப் டப்பாவில் போட்டார். "முழுசாப் போட்டா யாராச்சும் எடுத்து மாட்டிருவாங்க சார்."

(தொடரும்)