விண்ணப்பத்தில் குறிக்கோள் வாசகம்

படிப்பை முடித்து வேலை தேடப் புறப்படும் இளைஞர் தம்மைப் பற்றிய விவரக் குறிப்பு ஒன்றை எழுதி அனுப்புவது இன்று வழக்கமாக இருக்கிறது. அதில் பெயருக்கும் முகவரிக்கும் அடுத்தபடியாகக் 'குறிக்கோள்' என்றொரு பகுதி இடம்பெறுவதுண்டு. இரண்டு மூன்று வரிகளுக்கு மேற்படாத சிறு பகுதிதான். ஆயினும் மாணவர்கள் பலர் இடறுவது இங்கேதான்.

"சவால் நிறைந்த சூழலில் பணியாற்றி, என் திறமைகளை வளர்த்துக்கொண்டு, நிறுவனத்தின் முன்னேற்றத்திற்கும் பாடுபட விரும்புகிறேன்" என்ற வாசகத்தை எத்தனை விண்ணப்பங்களில் காண்கிறோம்! வங்கிக்கும் இதுவே, மருந்துக் கம்பெனிக்கும் இதுவே, நூற்பாலைக்கும் இதுவே. எழுதியவர் எந்த வேலையை நாடுகிறார், எதைச் செய்ய வல்லவர் என்பவற்றுள் ஒன்றேனும் இதில் விளங்குகிறதா? அடுத்த வீட்டுப் பையனின் பெயரை மேலே எழுதிவிட்டாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிராது.

வேலை கேட்பவர் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இத்தாலி நாட்டு விண்ணப்பம் ஒன்று பழைய சான்றாக இருக்கிறது. 1482-ஆம் ஆண்டையொட்டி, முப்பது வயதினரான லியனார்டோ டா வின்சி, மிலான் நகரின் ஆட்சியை நடத்திவந்த லூடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு ஒரு கடிதம் வரைந்தார். அதன் வரைவு மிலானிலுள்ள அம்ப்ரோசியானா நூலகத்தில் இன்றும் இருக்கிறது. ஓவியத்தில் நிகரற்றவராக விளங்கவிருந்த அவர், கடிதத்தை ஓவியத்தில் தொடங்கவில்லை. எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் முறை, ஓசையின்றிச் சுரங்கம் அமைக்கும் வழி, கவசமிட்ட வண்டிகள், பீரங்கிகள் என்றே அடுக்கிக்கொண்டு போகிறார். பத்தாவதாகத்தான் சமாதான காலத்துக் கட்டடக் கலை வருகிறது. சிற்பமும் ஓவியமும் அதற்கும் பின்னரே!

காரணம் வெளிப்படை. அண்டை அரசுகளோடு போர் மூளும் காலம் அது; லூடோவிகோவுக்கு வேண்டியது போர்ப்பொறி வல்லுநர். தமக்குப் பிரியமானது எது என்பதைவிட, வேலை தருபவருக்குத் தேவையானது எது என்பதையே லியனார்டோ முன்னிறுத்தினார். சொன்னவற்றில் எதுவும் இயலாததாகத் தோன்றினால், தங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்றும் முடிவில் எழுதினார். (பிற்காலத்தில் மிலானில் அவர் பெரும்புகழ் ஈட்டியது பீரங்கியால் அன்று, 'கடைசி விருந்து' ஓவியத்தால் என்பது வேறு கதை.)

இம்முறையை நம் மாணவர் ஒருவருக்குப் பொருத்திப் பார்ப்போம். வணிகவியல் பட்டம் பெற்றவர். விடுமுறை நாள்களில் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதியவர் என்று கொள்வோம். அவர் எழுத வேண்டியது இவ்வளவே: "தங்கள் மதுரைக் கிளையின் இளநிலைக் கணக்கர் பணியை நாடுகிறேன். பி.காம். பட்டமும், கணினியில் சரக்குக் கணக்கும் வரிக் கணக்கும் எழுதிய ஆறு மாதப் பழக்கமும் உண்டு." இதில் அலங்காரம் ஏதுமில்லை, ஆனால் படிக்கும் மேலாளர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பணி விளம்பரத்தில் கண்ட சொற்களையெல்லாம் எடுத்துத் தமக்குச் சூட்டிக்கொள்வோர் உண்டு. நேர்முகத் தேர்வில் "செய்து காட்டுங்கள்" என்று கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆறு மாதப் பழக்கத்தை ஆறு மாதம் என்றே எழுதுக. புதிதாக வருபவரிடம் பேரனுபவத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

பல ஆண்டுகள் பணிபுரிந்தவர்கள் இப்பகுதியை விடுத்து, செய்த பணிகளின் சுருக்கத்தை அவ்விடத்தில் எழுதுவதே இப்போது பெருகிவருகிறது. அனுபவம் குறைந்த மாணவருக்கும், ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவருக்குமே குறிக்கோள் வாசகம் மிகவும் பயன்படுகிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதைப் புதிதாகவே எழுத வேண்டும். பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தால், பத்து முறை.