இடிக்காமல் காத்த இல்லம்

கொடைக்கானல் என்றதும் ஏரியும் பனிமூட்டமும் நம் நினைவுக்கு வரும். அங்குள்ள பழைய கோடை இல்லங்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பழனி மலைமீது ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், 1845ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் முதல் இரு வீடுகளைக் கட்டினர். சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் அவர்தம் குடும்பங்களை வாட்டிய காலம் அது. 1863இல் ஏரி உருவாயிற்று. நாளடைவில் சரிவுகளெங்கும் கற்சுவரும் தகரக் கூரையும் கணப்பு அடுப்பும் கொண்ட சிறு இல்லங்கள் பெருகின.

அத்தகைய இல்லம் ஒன்று எங்கள் குடும்பத்திற்கு உண்டு. தந்தையார் மறைந்தபின் அது உடன்பிறந்தோர் மூவருக்கும் பொதுவாகி, பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. விற்றுவிடலாம் என்றார் ஒருவர். இடித்துவிட்டு விடுதி எழுப்பலாம் என்றார் மற்றொருவர். பேச்சு தடித்து, பண்டிகைக்கும் ஒன்றுகூடாத நிலை வந்தது. வாகன நெரிசல் மிகுந்து, 2024 மே முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் பெற்றே வெளியூர் வாகனங்கள் வரவேண்டிய மலைக்கு மேலும் ஒரு விடுதி தேவைதானா என்று கேட்டார் அன்னையார். அக்கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. ஆளுக்கு இயன்றதை இட்டுப் பழுதுபார்ப்பதென முடிவாயிற்று.

பழைய வீட்டிற்கு முதற்பகை தண்ணீர். ஆகவே வண்ணம் பூசுவதை இறுதிக்கு ஒதுக்கிவிட்டு, கூரையில் தொடங்கினோம். துருவேறிய தகடுகளை மட்டும் மாற்றினோம். வீட்டின் பின்புறம் மலைச்சரிவிலிருந்து இறங்கிய மண், தரைமட்டத்திற்கு மேல் சுவரை அணைத்துக் கிடந்தது. அதை அகற்றிக் கல் பாவிய வடிகால் அமைத்ததும் உள்ளறையின் ஈரவாடை பாதி குறைந்தது.

அடுத்தது சுவர். முன்பு குடியிருந்தோர் சுண்ணாம்புக் காரையின்மேல் சிமெண்டு பூசியிருந்தனர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும்; வெயில் நாளில் வெளிவிடும். சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்கிறது. பழந்தொழில் அறிந்த முதிய கொத்தனார் ஒருவர் சிமெண்டைக் கொத்தியெடுத்து, சுவரைப் பல வாரங்கள் உலரவிட்டார். பிறகு நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் அரைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து, மெல்லிய படிவங்களாகப் பூசினார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது சிறிதாகக் கல்லாக மாறுவது. அவசரம் அதற்கு ஆகாது. நனைத்த சாக்கினால் மூடிக் காக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் ஏற்றனர். உறைபனி ஓய்ந்த பிப்ரவரிக்கும் மழை வலுக்கும் முன்னுள்ள நாட்களுக்கும் இடையே இவ்வேலையை முடித்தல் நலம்.

சாளரங்களில் உளுத்த அடிக்கட்டைகளை மட்டும் அறுத்துப் புதுமரம் இணைத்தோம். புகைபோக்கியில் அடைந்திருந்த பறவைக்கூடுகளையும் கரியையும் நீக்கிய பின்னரே கணப்பில் தீ மூட்டினோம்.

இன்று அவ்வீட்டில் தொலைக்காட்சி இல்லை. காலையில் தோட்டத்துப் பேரிக்காய் பறிப்பதும், மாலையில் கணப்பைச் சுற்றி அமர்ந்து அன்னையார் சொல்லும் பழங்கதைகளைக் கேட்பதுமே பொழுதுபோக்கு. இடிக்கச் சொன்னவரே இப்போது ஆண்டுதோறும் முதலில் வந்து கதவைத் திறக்கிறார்!

பழையது என்பதனாலேயே ஒன்று பயனற்றதாகிவிடாது. அதன் இயல்பறிந்து பழுது நீக்கினால் அது மேலும் ஒரு தலைமுறைக்கு நிழல் தரும். உறவுகளுக்கும் இது பொருந்துமன்றோ! பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி 2018இல் இம்மலையில் பூத்தது. அன்று அவ்வீடு பூட்டிக் கிடந்தது. மீண்டும் அது மலர வேண்டிய 2030இல், எங்கள் பேரப்பிள்ளைகள் அவ்வீட்டுத் திண்ணையிலிருந்து புறப்பட்டுச் சென்று அதைக் காண்பர் என நம்புகிறோம்.