மாநகர சபையின் துணைவிதிகளும் தண்டனை அதிகாரமும்

நகரவாசிகளின் அன்றாட வாழ்வை மிக நெருக்கமாகத் தொடுவன மாநகர சபையின் துணைவிதிகளாகும். வீட்டுக் கழிவை எங்கே இடுவது, மதிலை எவ்வளவு ஒதுக்கிக் கட்டுவது, நடைபாதையிற் பொருள் பரப்பி விற்கலாமா, உணவகத்தின் சமையலறை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பனவெல்லாம் இவ்விதிகளால் நிர்ணயிக்கப்படுகின்றன. இவற்றை மீறியவர் எம்முறையில் தண்டிக்கப்படுகிறார், அத்தண்டனையின் பாரம் யார்மீது விழுகிறது என்ற வினாக்களை இலங்கையின் மாநகர சபைகளை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே எமது நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

இலங்கையில் நகர ஒழுங்கு பற்றிய சட்டங்கள் குடியேற்ற ஆட்சியின் தேவைகளிலிருந்து பிறந்தவை. 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம் தெருவையும் வடிகாலையும் அசுத்தப்படுத்துவதைக் குற்றமாக்கிற்று. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மாநகர சபைகளுக்கு வழிவகுத்தது. கொழும்பும் கண்டியும் அதன்கீழ் முதலில் வந்த நகரங்களுட் சிலவாகும். பெருந்தோட்டப் பொருளாதாரம் விரிவடைந்துகொண்டிருந்த அக்காலத்தில் துறைமுகத்தையும் வணிகத் தெருக்களையும் நோயின்றிப் பேணுவது ஆட்சியாளரின் உடனடித் தேவையாயிருந்தது. சபைக்கு வாக்களிக்கும் உரிமையோ சொத்துடைய ஒரு சிலருக்கே உரியதாயிருந்தது. ஆகவே, விதியை ஆக்கியோர் ஒரு சாராராகவும் அதற்குக் கீழ்ப்படிய வேண்டியோர் பிறிதொரு சாராராகவும் அமைந்தனர்.

இன்றைய மாநகர சபைகளுக்கு அடிப்படையாக விளங்குவது, பல திருத்தங்களுக்கு உட்பட்ட, 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டமாகும். இச்சட்டத்தின்கீழ் 1949இல் யாழ்ப்பாணம் மாநகர சபையாயிற்று. சர்வசன வாக்குரிமை வந்தபின் சபைகளின் உருவம் மாறியது. எனினும், தண்டனை முறையின் உள்ளடக்கம் அதே அளவு மாறியதா என்பது சிந்தனைக்குரியது.

விதி உருவாகும் முறை

துணைவிதி என்பது சபை தான் விரும்பியவாறு பிறப்பிக்கும் ஆணையன்று. தாய்ச்சட்டம் அனுமதித்த விடயங்களுக்குள் அது அடங்க வேண்டும். அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியானபின்னரே அது செயல்வலுப் பெறும். 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் மாதிரித் துணைவிதிகளை ஏற்படுத்தி, உள்ளூராட்சிச் சபைகள் அவற்றைத் தீர்மானம் மூலம் ஏற்றுக்கொள்ள வழிசெய்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் உள்ளூராட்சியின் மேற்பார்வை மாகாணங்களின் பொறுப்பிற்கு மாறியது. ஆகவே, தண்டிக்கும் விதிக்குச் சபைத் தீர்மானம், மேலிட அங்கீகாரம், பகிரங்க அறிவித்தல் என மூன்று படிகள் உள. இவற்றுள் ஒன்று குறையினும் அதன்பேரில் விதிக்கப்படும் தண்டனையின் சட்டவலு கேள்விக்குரியதாகும்.

தண்டிக்கும் முறை

சபை விதியை ஆக்கலாம். ஆனால் மீறியவரைக் குற்றவாளி எனத் தீர்க்கும் உரிமை அதற்கில்லை. பொதுச் சுகாதார பரிசோதகரோ வேறு உத்தியோகத்தரோ மீறலைக் கண்டால், வழமையாக எழுத்து மூல அறிவித்தல் கொடுத்துத் திருத்திக்கொள்ளத் தவணை அளிப்பார். திருத்தப்படாவிடின் விடயம் நீதவான் நீதிமன்றத்திற்குச் செல்லும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, மாநகர சபை ஊழியர் ஒருவர் இத்தகைய வழக்கைத் தொடக்க இடமளிக்கின்றது. தண்டப்பணத்தை விதிப்பவர் நீதவானே. மீறல் தொடருமாயின் நாளொன்றுக்கு இவ்வளவென மேலதிகத் தண்டமும் விதிக்கப்படலாம். அனுமதியற்ற கட்டடங்களை இடிப்பதற்கும், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்கீழ், அறிவித்தலின் பின் நீதவானின் கட்டளை பெறப்படுகின்றது.

இவ்வாறு குற்றஞ்சாட்டுபவரையும் தீர்ப்பளிப்பவரையும் வேறாக்குவது சாமானிய மனிதனுக்குரிய அரணாகும். ஆயின், இவ்வரணுக்கு வெளியிலும் சபையின் கை நீளும் இடங்கள் உள. சோலைவரி செலுத்தாதவரின் அசையும் பொருள்களை நீதிமன்றத் தீர்ப்பின்றியே சபையின் பிடியாணை கொண்டு கைப்பற்றி விற்கலாம். தெருவுக்குத் தடையாயுள்ள பொருள்களையும் சபை தானே அகற்றலாம்.

எழுதப்பட்ட தண்டனையும் எழுதப்படாத தண்டனையும்

இவ்விடத்தில்தான் பிரச்சினையின் வர்க்கத் தன்மை வெளிப்படுகின்றது. தண்டப்பணம் ரூபாவில் உச்சவரம்பிட்டுச் சட்டத்தில் எழுதப்படுகின்றது. ரூபாவின் பெறுமதி ஆண்டுதோறும் வீழ, சட்டமோ நெடுங்காலத்திற்கு ஒருமுறையே திருத்தப்படுகின்றது. இதன் விளைவாக, அனுமதியின்றி மாடி எழுப்பும் முதலாளிக்குத் தண்டப்பணம் கட்டடச் செலவில் ஒரு சிறு தொகையாகிவிடுகின்றது. அவர் சட்டத்தரணியை அமர்த்தித் தவணை பெறவும், பின்னர் வரைபடத்தைத் திருத்தி அனுமதி கோரவும் வல்லவர்.

நடைபாதை வியாபாரியின் நிலை வேறு. அவருக்கு உண்மையான தண்டனை நீதிமன்றத்தில் விதிக்கப்படுவதன்று. காலையிற் கடனுக்கு வாங்கிய மரக்கறி உழவுயந்திரப் பெட்டியில் ஏற்றப்படுகின்ற கணத்திலேயே அவர் தண்டிக்கப்பட்டுவிடுகின்றார். வழக்குத் தொடுத்து அவர் வென்றாலும் அழுகிய மரக்கறி திரும்பி வராது. எழுதப்பட்ட தண்டனை வசதியுள்ளோருக்கும் எழுதப்படாத தண்டனை வறியோருக்கும் உரியதாகும் இந்நிலை, துணைவிதியின் சொற்களிற் காணப்படாது. அதன் அமுலாக்கத்திலேயே காணப்படும்.

சீருடையும் அதிகாரமும்

அமுலாக்கும் கை யாருடையது என்ற வினா 2021இல் யாழ்ப்பாணத்தில் நாடளாவிய அரசியற் பிரச்சினையாயிற்று. பொது இடங்களிற் குப்பை கொட்டுவதையும் வெற்றிலை துப்புவதையும் தடுப்பதற்கென மாநகர சபை ஐவர் கொண்ட குழுவொன்றை நீலநிறச் சீருடையுடன் பணியில் ஈடுபடுத்தியது. அச்சீருடை விடுதலைப் புலிகளின் காவற்றுறையினரது சீருடையை ஒத்தது எனக் கூறி, ஏப்ரல் 9ஆம் நாள் மாநகர முதல்வர் வி. மணிவண்ணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் கைதுசெய்தனர். அன்றே அவர் பிணையில் விடப்பட்டார். கொழும்பு மாநகர சபை ஊழியரின் சீருடையை ஒட்டியே அது அமைந்ததெனச் சபைத் தரப்பு விளக்கியது. தெருச் சுத்தம் பேணும் அதிகாரத்தைச் சட்டம் எல்லா மாநகர சபைகளுக்கும் ஒருபடித்தாகவே வழங்கியுள்ளது. அதனைச் செயற்படுத்தும் வேளையில் நகரத்துக்கு நகரம் அரசின் பார்வை வேறுபடுகின்றது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

மக்கள் பிரதிநிதிகள் இல்லாத தண்டனை

2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிவடைந்தது. தேர்தல் 2025 மே 6ஆம் நாளே நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுக்கும் மேலாக மாநகர சபைகளை ஆணையாளர்களே நிர்வகித்தனர். வரி அறவிடப்பட்டது; அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன; விதிகளை அமுலாக்கும் பணியும் நின்றுவிடவில்லை. அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்கக்கூடிய உறுப்பினர் மாத்திரம் இருக்கவில்லை. தேர்தலின்றியும் தண்டனை நடைபெறலாம் என ஒரு சமூகம் பழகிக்கொள்வது ஆபத்தானதாகும்.

முடிவாக, நகரச் சுத்தமும் ஒழுங்கும் வேண்டாமென்பது எமது வாதமன்று. வடிகால் அடைபட்டால் முதலில் வெள்ளத்தில் மிதப்பது தாழ்ந்த நிலத்துக் குடிசையே. நுளம்பு பெருகினால் முதலில் நோயுறுவதும் அங்குள்ள குழந்தையே. விதி வறியோருக்கும் தேவை. ஆனால், கைப்பற்றும் பொருளுக்கு அவ்விடத்திலேயே பற்றுச்சீட்டும் மீட்பதற்கான தவணையும் கொடுத்தல், அறிவித்தலை உரியவரின் மொழியில் வழங்குதல், தண்டப்பணத்தை மீறலால் ஈட்டிய இலாபத்தோடு பொருத்துதல், எந்த வட்டாரத்தில் எத்தகையோர்மீது எத்தனை வழக்குகள் தொடரப்பட்டன என்பதை ஆண்டுதோறும் சபையிற் சமர்ப்பித்தல் ஆகியன உடனடியாக வேண்டப்படுவன. இவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சபையின் தீர்மானமும் வாக்காளரின் விழிப்புமே போதுமானவை.