சந்தன மணமும் சவர நுரையும்

விடுதியில் ஒருவர் சந்தனச் சவரச் சோப்பின் மூடியைத் திறந்தால் போதும், தாழ்வாரம் முழுவதும் கமகமக்கும். "இதனினும் உயர்ந்த சோப்பு உண்டோ?" என்பார். சற்று நேரத்தில் அவர் கன்னத்தில் இரண்டு கீறல், எரிச்சல் வேறு! மணம் உயர்ந்ததாயிருக்கச் சவரம் கெட்டதேன்? மணத்தின் வேலை ஒன்று, நுரையின் வேலை வேறு என்பதே விடை.

முதலில் மணத்தைப் பார்ப்போம். சந்தன மரத்தின் மணமெல்லாம் அதன் வைரத்தில் இருக்கிறது. வைரம் பாயப் பல ஆண்டுகள் செல்லும். 1914-இல் மூண்ட உலகப் போரால் கட்டைகளை ஐரோப்பாவுக்கு அனுப்புவது தடைப்பட்டபோது, மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. அவ்வெண்ணெயில் மிகுந்திருப்பது சாண்டலால் என்னும் பொருள். அதன் மூலக்கூறு பெரிது, எளிதில் ஆவியாகாது. எலுமிச்சை மணம் விரைவில் பறந்துவிட, சந்தனம் நின்று கமழ்வது இதனால்தான். எண்ணெயின் விலை மிகுதியாதலால், இன்று பல சோப்புகளில் செயற்கை மணமே சேர்கிறது.

இனி நுரை. நல்ல சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. காஸ்டிக் சோடா மட்டுமன்றிக் காஸ்டிக் பொட்டாஷும் சேர்த்து அதைச் சோப்பாக்குவர். சோடா கட்டிக்கு உறுதி தரும்; பொட்டாஷ் எளிதில் கரையச் செய்யும். தேங்காயெண்ணெய்ச் சோப்பின் குமிழிகள் பெரியவை, விரைவில் உடையும். ஸ்டியரிக் நுரையோ பாலாடை போல் அடர்ந்து நிற்கும். அது மயிரை நனைத்தபடி வைத்திருக்கும். நனைந்த மயிர் மென்மையாகிப் பிளேடுக்கு இணங்கும். உலர்ந்த மயிரில் பிளேடை அழுத்த வேண்டிவரும், அதனால்தான் கீறல்.

எவ்வளவு நல்ல சோப்பாயினும் கடின நீரில் தோற்கும். நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் கூடித் திரிதிரியான அழுக்காகின்றன. நுரைக்க வேண்டிய சோப்பு அதில் வீணாகிறது. ஐயமிருந்தால், ஒரு குப்பியில் குழாய் நீரும் மற்றொன்றில் மழைநீரும் எடுத்து, சோப்புச் சீவலிட்டுக் குலுக்கிப் பாருங்கள். குழாய் நீரில் நுரைக்கு மாறாகத் திரி கண்டால், குற்றம் சோப்பினது அன்று. நீரைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு எடுத்தால் கடினம் ஓரளவு குறையும். முகத்தை வெந்நீரால் இரண்டு மூன்று நிமிடம் நனைத்தபின் பிரஷ்ஷை எடுங்கள்.

சிலர் தோலுக்கு நறுமணப் பொருள்களே ஒவ்வாதிருப்பதும் உண்டு. அவர்கள் மணமற்ற சோப்பை நாடுதல் நலம்.

ஆகவே நண்பர்களே, சோப்பு வாங்கும்போது மூக்கை மட்டும் கேளாதீர்கள், கன்னத்தையும் கேளுங்கள்!