உஷார்! நடைவழியில் சேர் போடாதீர்கள்

மண்டகப்பட்டு, செஞ்சி, விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கூத்து, பொதுக்கூட்டம் என எது நடத்துபவராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மரமும் செங்கலும் இல்லாமல் பாறையைக் குடைந்து பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் கோயில் எடுத்த ஊர் மண்டகப்பட்டு. நாம் விழா எடுப்பதோ கீற்றுக்கும் துணிக்கும் கீழே, பிளாஸ்டிக் சேர்களில். ஒரு பொறி விழுந்தால் போதும்.

ஆபத்து எப்படி வருகிறது என்று பாருங்கள். முகூர்த்தம் நெருங்குகிறது. "மாமா நிக்கிறாரு, ஒரு சேர் போடுப்பா" என்று குரல் வருகிறது. பையன் வரிசையின் ஓரத்தில், நடைவழியில் ஒரு சேர் போடுகிறான். அதை ஒட்டி இன்னொன்று விழுகிறது. வீடியோக்காரர் நடுவில் ஸ்டாண்டை ஊன்றுகிறார். ஒயர் தரையில் ஓடுகிறது. தாலி ஏறுவதற்குள் நாலடி வழி ஓரடியாகிவிடுகிறது.

1997 ஜூன் 13, டெல்லி உபஹார் தியேட்டர். தீப்பிடித்தது கீழ்த்தள டிரான்ஸ்ஃபார்மரில். செத்தவர்கள் பால்கனியில் படம் பார்த்தவர்கள். வலப்பக்க நடைவழியைக் கூடுதல் இருக்கைகள் அடைத்திருந்தன. அந்தப் பக்கத்து வாசலை எட்டு இருக்கைத் தனி பாக்ஸ் மறித்திருந்தது. புகையில் மூச்சுத் திணறி 59 பேர் மாண்டார்கள். இருபுறமும் குறைந்தது 44 அங்குல நடைவழி வேண்டும் என்று டெல்லி சினிமா விதி அன்றே சொல்லியிருந்தது.

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி எரிந்ததில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

* நடைவழியின் இரு ஓரத்திலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அகலம் நாலடிக்குக் குறைய வேண்டாம். கோட்டைத் தாண்டி யாருக்காகவும் சேர் போடக் கூடாது.
* ஒவ்வொரு நடைவழியும் ஒரு வாசலில் போய் முடிய வேண்டும். சுவரிலோ மேடையிலோ முட்டி நிற்கக் கூடாது.
* வரிசையை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். வரிசைகளுக்கு நடுவே 12 அங்குல இடைவெளிதான் என்றால், இருபுறமும் நடைவழி இருந்தாலும் வரிசைக்கு 14 இருக்கைதான் என்கிறது அமெரிக்கக் கட்டட விதி.
* சேர்களை நாலைந்தாகச் சேர்த்துக் கட்டுங்கள். தனிச் சேர் கவிழ்ந்தால் பின்னால் ஓடி வருபவர் தடுக்கி விழுவார்.
* மக்கள் கூடும் கட்டடத்தில் வெளியேறும் கதவு 2 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. அந்தக் கதவைப் பூட்டி, சமையல் சாமான் அடுக்காதீர்கள்.
* வீடியோ ஸ்டாண்டுக்குத் தனி இடம் கொடுங்கள். ஒயரைச் சுவரோரம் இழுங்கள்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் அன்றே எல்லா வாசலையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். விழா நாளில் வழியைக் காக்க மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவரை நிறுத்துங்கள். உட்கார இடமில்லாதவர் நிற்கட்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வந்தவர் அத்தனை பேரும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும்.